கிட்டங்கித் தெரு மஞ்சப் போர்டு

அது இல்ல பாய். அதக் கீழ போடுங்க. எங்க தெருப் போர்டுல எழுத்து இன்னுங் கொஞ்சம் குண்டா இருக்கும். தகரம் மஞ்ச, எழுத்து கறுப்பு. இங்க கெடக்குறது அம்புட்டும் மஞ்சதான், தெரியுது, எனக்கும் கண்ணு இருக்கு. நான் கேக்குறது கிட்டங்கித் தெருன்னு எழுதுன போர்டு. அத மட்டும் எடுத்துக் குடுத்துட்டீங்கன்னா நான் பாட்டுக்குப் போயிருவேன்.

இருங்க, நீங்க ஒக்காருங்க, நானே பெரட்டிப் பாக்குறேன். கை கிழிஞ்சாக் கிழிஞ்சிட்டுப் போகுது. பழைய இரும்புக் கடைக்குள்ள வந்துட்டுக் கையப் பாத்தா ஆகுமா. ஏம் பேரு ராமுத்தாய். நாகல் நகர் தாண்டி உள்ள வரணும், ரேஷன் கடைக்கு அடுத்த தெரு. கார்ப்பரேசன் ஆபீஸ்ல இருக்குல்ல, அறிவுச்செல்வின்னு ஒரு இன்சினியர் புள்ள, அதுதான் சொல்லுச்சு. கழட்டுன பழைய போர்டெல்லாம் மொத்தமா பக்ருதீன் பாய் கடைக்குப் போயிருச்சும்மா, வெரசா போயிப் பாருங்கன்னு. நீங்க உருக்க அனுப்பிட்டீங்களோன்னு பதறி ஓடியாந்தேன். லாரி நாளைக்குத்தான வருது? நல்ல வேளை.

இல்ல பாய், நாளைக்கு வந்து எடுத்துக்கிற கதையே இல்ல. இன்னைக்கே வேணும். வெள்ளிக்கெழம, நீங்க ஜும்மாவுக்குப் போகணும், கடையச் சாத்தணும், எல்லாம் தெரியும். பாங்கு சொல்றதுக்குள்ள தேடிருவேன். இன்னைக்குச் சாயங்காலம் எங்க வீட்டுக்காரரு வீட்டுக்கு வாராரு. அவரு வரும்போது அந்த போர்டு தெரு மொனையில இருக்கணும். அதுக்குத்தான்.

சிரிக்காதீங்க. யாருகிட்டச் சொன்னாலும் இந்தச் சிரிப்பத்தான் சிரிக்கிறாங்க.

புதுசு மாட்டியிருக்காங்கதான். நான் இல்லன்னு சொல்லல. நல்லாத்தான் இருக்கு. நீல போர்டு, வெள்ள எழுத்து, வண்டி லைட்டு பட்டா மின்னுது. தமிழ் எம்புட்டுப் பெருசோ இங்கிலீசும் அம்புட்டுப் பெருசு. மேல வார்டு நம்பரு, ஓரத்துல போன்ல புடிக்கிற கட்டம். எல்லாத் தெருவுக்கும் ஒரே அளவு, ஒரே எழுத்து, இனிமே இப்படித்தான் இருக்கணும்னு சட்டமாம். அந்தப் புள்ள பொறுமையாத்தான் வெளக்குச்சு. பழைய எழுத்து ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதி வச்சிருக்காங்கம்மா, ஆம்புலன்ஸ்காரன் ஓடுற ஓட்டத்துல படிக்க முடியல, அதான் மாத்துறோம்னு. ஞாயந்தான? ஞாயத்துக்கு நான் எதுக்கு எதிரா பேசப் போறேன்.

ஆனா அவரு அதப் படிக்கல பாய். அவரு எதையுமே படிச்சதில்ல.

சடையாண்டின்னு பேரு. ஒட்டஞ்சத்திரம் மார்க்கெட்டுல கேட்டுப் பாருங்க, பழைய ஆளுக சொல்லுவாங்க. ஆயுசு பூரா கேரளாவுக்கு லோடு ஓட்டுனவரு. முருங்கக்கா, தக்காளி, வெண்டக்கா, எதுன்னாலும். எழுத்து வாசன கெடையாது. லைசென்சுல கையெழுத்துப் போடப் பழகுனாரு, அதோட சரி. தமிழே படிக்காத மனுசன் மலையாளத்த எங்கிட்டுப் படிப்பாரு? ஆனா ஒரு தடவ பாத்த போர்ட மறக்க மாட்டாரு. எழுத்தா பாக்க மாட்டாரு, ஆளப் பாக்குற மாதிரி பாப்பாரு. இந்த ஊருக்கு ரெண்டு வளையமும் ஒரு வாலும். அந்த ஊருக்குப் பூன சுருண்டு படுத்த மாதிரி ஒண்ணு, பக்கத்துல அருவா ஒண்ணு. சோத்துத் தட்டுல ஈர வெரலால வரைஞ்சு காட்டுவாரு. நான் திட்டுவேன், வெஞ்சனத்த எடுத்துத் திங்காம வெளையாடுறீரான்னு. கிளீனர்களுக்கு அவரு சொல்லிக் குடுத்ததும் இப்படித்தான். அந்த லைன்ல நெறைய டிரைவருக அப்படித்தானாம், அவரு சொல்லுவாரு.

ஒரு தடவ ஏமாந்தாரு. அங்க ஒரு முக்குல போர்ட மாத்திட்டாங்க. ஊரு அதேதான், பேரும் அதேதான், எழுத்தும் அதே எழுத்துதானாம். மெசின்ல வெட்டி ஒட்டுன புது மாதிரி. இவரு திரும்ப வேண்டிய எடத்துல திரும்பாம நேரா போயி, வண்டி கடக்கரையில போயி நின்னுருக்கு. தக்காளி பாதி தண்ணியாப் போச்சு. மொதலாளி வாயில வராத வார்த்த இல்ல. வீட்டுக்கு வந்து என்ன சொன்னாரு தெரியுமா. எழுத்தெல்லாம் அதேதான் புள்ள, மொகம் மாறிப்போச்சு, மொகம் மாறுனா நான் எப்படிக் கண்டுபுடிக்கன்னாரு. நான் விழுந்து விழுந்து சிரிச்சேன். நம்மாளு கடலப் பாத்துட்டு வந்துட்டாருன்னு தெரு பூராச் சொல்லிச் சிரிச்சேன்.

இந்தா, இதப் பாருங்க. இல்ல. ஓரம் மடங்கல. எங்க போர்டுல கீழ் ஓரம் மடங்கியிருக்கும். ஒரு லோடு ஆட்டோக்காரன் பின்னால எடுக்கும்போது இடிச்சிட்டான். சரி பண்ண ஆளு வரவே இல்ல, அப்படியே நின்னுச்சு. அந்த அடுக்கையும் எறக்கலாமா பாய்? செத்த புடிங்க.

அப்பறம் மறதி வந்துருச்சு. நம்ம வயசுல எல்லாருக்கும் வர்ற மறதின்னுதான் நெனச்சேன். சாவிய எங்கயோ வைப்பாரு, சாப்ட்டதையே சாப்டலன்னுவாரு. ஒருநா வாசல்ல ஒக்காந்துக்கிட்டு, அம்மா, இங்க தண்ணி கெடைக்குமான்னு என்னையக் கேட்டாரு. வெளையாடுறாருன்னு நெனச்சு, அதெல்லாம் காசு குடுத்தாத்தான்னேன். எந்திரிச்சுச் சட்டப் பையில தேடுறாரு பாய். மதுரைக்குக் கூட்டிட்டு ஓடுனேன். அங்க பெரிய டாக்டரு படமெல்லாம் எடுத்துப் பாத்துட்டு, மூள சுருங்குது, மாத்திர தர்றேன், ஆனா திரும்பாதுன்னு சொல்லிட்டாரு.

புள்ள ஒருத்தன்தான், பாண்டியராஜ். சின்னாளப்பட்டியில சேலை யாவாரம். அவந்தான் சொன்னான், கதவப் பூட்டி வையும்மான்னு. வச்சேன். தலையக் கொண்டு கதவுல முட்டுறாரு. ஆயுசு பூரா ரோட்டுல கெடந்த ஒடம்பு, நாலு செவுத்துக்குள்ள எப்படி நிக்கும். ரெண்டாம் நா நானே தாப்பாளத் தொறந்து விட்டுட்டேன். போனாருன்னா போனாரு, முட்டிச் சாகுறதுக்கு நடந்தாவது தொலையட்டும்னு அழுதுக்கிட்டே தொறந்து விட்டேன்.

வந்துட்டாரு பாய். மத்தியானச் சோத்துக்கு அவரா வந்துட்டாரு.

மறுநாளும் போனாரு, வந்தாரு. எப்படி வாராருன்னு பாக்கணும்னு ஒருநா பின்னாலயே போனேன். மார்க்கெட்டு, பஸ் ஸ்டாண்டுன்னு எங்கெங்கயோ சுத்துறாரு. ஒவ்வொரு தெரு மொனையிலயும் நின்னு போர்டப் பாக்குறாரு. இது இல்லங்குற மாதிரி தலைய ஆட்டிட்டு அடுத்ததுக்குப் போறாரு. எங்க தெரு வந்துச்சு. அந்த மஞ்சப் போர்டப் பாத்தாரு. மொகம் அப்படியே தெளிஞ்சு போச்சு. கிட்டப் போயி உள்ளங்கைய விரிச்சு தகரத்துல ரெண்டு தட்டு தட்டுனாரு. லோடு ஏத்தி முடிச்சதும் வண்டியத் தட்டுவாங்கல்ல, அப்படி. அப்பறம் எடது கைப் பக்கம் மூணாவது வீடு. வந்து சட்டையக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, தண்ணி மோந்து குடிச்சிட்டு, கட்டில்ல படுத்துட்டாரு.

என்னைய ஆருன்னு தெரியாது. பெத்த புள்ளைய, சார் எந்த ஊருன்னு கேக்குறாரு. அந்தத் தகரத்த மட்டும் தெரியுது. எனக்கு அது மேல பொறாமையே வந்துச்சு பாய், சொன்னா நம்புங்க. இம்புட்டு வருசம் ஆக்கிப் போட்டவ நானு, தட்டிக் குடுக்குறது அதையான்னு. ஆனாலும் நெஞ்சு தைரியம் வந்துருச்சு. எங்க சுத்துனாலும் வந்துருவாருன்னு. கல்யாண வீட்டுக்காரங்க போஸ்டர் ஒட்ட வந்தாக்கூட அது மேல ஒட்ட விட மாட்டேன், பசை வாளியப் புடுங்கி வச்சிக்கிருவேன்.

ஆமா, போர்டப் பத்தி ஆபீஸ்ல முன்னாடியே சொல்லியிருக்கலாம்தான். மாத்தப் போறாங்கன்னு தெரிஞ்சால்ல சொல்லுறதுக்கு. செவ்வாக்கெழம காலையில அவரு இட்லி தின்னுட்டுக் கெளம்பிட்டாரு. நான் வீட்டுக்குள்ள மாவாட்டிக்கிட்டு இருக்கேன். கிரைண்டர் சத்தத்துல வெளிய என்ன நடக்குதுன்னு என்ன தெரியும். கார்ப்பரேசன் பயலுக வந்து பழசக் கழட்டி வண்டியில போட்டுட்டு, புதுசக் குழி தோண்டி நட்டுட்டு, சிமிண்டு பூசிட்டுப் போயிட்டாங்க. எங்க தெரு மட்டும் இல்ல, எங்க வார்டு பூரா அன்னைக்கே முடிச்சிட்டாங்க. வேலையில அம்புட்டுச் சுறுசுறுப்பு. மத்த நாள்ல ஒரு குழாய மாத்த மாசக்கணக்காகும்.

மொனையில முத்துச்சாமி டீக்கடை இருக்கு. அவன் பாத்திருக்கான். இவரு வழக்கம்போல மத்தியானம் வாராரு. நீல போர்டுக்கு முன்னால நிக்கிறாரு. அண்ணாந்து பாக்குறாரு. கிட்டப் போயி மோந்து பாக்குற மாதிரி பாக்குறாரு. கம்பத்தத் தொட்டா சிமிண்டு ஈரம், கையில ஒட்டிக்கிருச்சு. கைய வேட்டியில தொடச்சிட்டுத் தலைய ஆட்டுறாரு. இது இல்லன்னுட்டாரு. முத்துச்சாமி, பெரியப்பு, வீடு இங்கிட்டுத்தான்னு கூப்புட்டிருக்கான். அவன யாருன்னு தெரியும் அவருக்கு? யாரோ வழிய மாத்திச் சொல்றான்னு வேகமா நடந்துட்டாரு. கடையில கூட்டம், அவனும் பொறவு எப்பவும்போல வந்துருவாருன்னு விட்டுட்டான். அவனயும் குத்தஞ் சொல்ல மாட்டேன். மூணு நாளா கடையத் தொறக்காம எங்களோடதான் அலையுறான்.

அடுத்த தெருவுக்குப் போயிருக்காரு, நீலம். அதுக்கடுத்தது, நீலம். எல்லாம் ஒரே எழுத்து, ஒரே மொகம். எங்க போவாரு சொல்லுங்க? வெயிலு வேற. வார்டு பூராச் சுத்திட்டு, மெயின் ரோட்டத் தாண்டிட்டாரு.

இல்ல, கெடைக்காம இல்ல. கெடச்சிட்டாரு. அன்னைக்குப் பொழுது எறங்கவே தெரிஞ்சு போச்சு. இப்ப ஜிஹெச்லதான் இருக்காரு, பாண்டியராஜ் கூட இருக்கான். அதான் சொன்னேனே, சாயங்காலம் வாராரு.

என்னன்னா, ரோட்டுக்கு அந்தப்பக்கம் வேற வார்டு. அங்க இன்னும் மாத்தல. அடுத்த வாரந்தான் மாத்துவாங்களாம். அங்கன ஒரு தெரு மொனையில மஞ்சத் தகரம், கறுப்பு எழுத்து. எங்க போர்ட எழுதுன அதே ஆளு எழுதுனதா இருக்கும். பேரு வேற, ஆனா அதே குண்டு எழுத்து. பாத்ததும் மொகம் தெளிஞ்சிருக்கும்ல பாய்? எனக்கு அதான் கண்ணுக்குள்ளயே நிக்குது. அம்புட்டு வெயில்ல அலைஞ்சு, அந்தா வந்துருச்சுடான்னு இருந்திருக்கும். தட்டியிருக்காரு. ரெண்டு தட்டு. அங்க வெளையாடிக்கிட்டிருந்த புள்ளைக சொல்லுச்சுக, தாத்தா சிரிச்சிக்கிட்டே தட்டுனாருன்னு.

எடது கைப் பக்கம் மூணாவது வீடு.

உள்ள ஒரு பொம்பளப் புள்ள, கைக்குழந்தயத் தொட்டில்ல போட்டு ஆட்டிக்கிட்டு இருந்திருக்கு. புருசன் வேலைக்குப் போயிட்டான். இவரு கதவத் தொறந்து உள்ள போயி, சட்டையக் கழட்டி ஆணியத் தேடியிருக்காரு. அது கத்தாம என்ன செய்யும்? நானா இருந்தாலும் கத்தியிருப்பேன். அது ஆஸ்பத்திரிக்கு வந்து ஏங் காலப் புடிச்சு அழுதுச்சு. ஒம் மேல கோவம் இல்ல தாயின்னு சொன்னேன். சொன்னேனே ஒழிய, கோவம் இருக்கு. ஏன் இல்லாம இருக்கும். ஒரு வார்த்த, தாத்தா நீங்க யாருன்னு கேட்டிருக்கலாம்ல.

புள்ள புடிக்கிறவன் வந்திருக்கான்னு போன்ல ஏதோ படம் சுத்திக்கிட்டு இருந்துச்சாம், அது வேற. தெருவே கூடிருச்சு. எந்த ஊருடான்னு கேட்டிருக்காங்க. சொல்லத் தெரியல. பேரு கேட்டிருக்காங்க. சொல்லத் தெரியல. எதுக்குடா உள்ள போனன்னு கேட்டதுக்கு மட்டும், என் வீடு இதுன்னு சொல்லியிருக்காரு. வெளிய இழுத்துட்டு வந்தும் கைய நீட்டி அந்த போர்டக் காட்டுறாராம். இந்தா, இருக்குல்ல, இருக்குல்லன்னு. பைத்தியம் மாதிரி நடிக்கிறான் பாருன்னு ஒருத்தன் சொல்லியிருக்கான். அப்பறம் என்ன. கம்பத்துல கட்டி வச்சு அடிச்சிட்டாங்க. அந்த மஞ்சப் போர்டு நின்ன கம்பத்துலதான்.

போலீஸ் கேசு போட்டிருக்கு. புடிச்சிருக்காங்க கொஞ்சப் பேர. எல்லாம் வெவரந் தெரிஞ்ச ஆளுக. அதுல ஒருத்தன் பொண்டாட்டி பிரியாணிக் கடையில பாத்திரம் கழுவுது, அதுவும் வந்து அழுதுச்சு. எனக்கு யாரு அழுகையையும் கேக்கத் தெம்பு இல்ல பாய்.

அந்த அறிவுச்செல்விப் புள்ளைக்கிட்டக் காலையில போயி இத அப்படியே சொன்னேன். மொகம் சுண்டிப்போச்சு. புதுசக் கழட்டும்மான்னு நான் கேக்கல. அது நிக்கட்டும், ஆம்புலன்சு வரட்டும், போகட்டும். பழசு ஒண்ண அது காலடியில சாச்சு வச்சிக்கிறேன், ஒரு பொழுதுக்குன்னேன். ரெண்டு போர்டு ஒரு தெருவுக்கு வைக்கக் கூடாதும்மா, ஆனா வைங்க, நான் அந்தப்பக்கம் வரலன்னு சொல்லி, ஒங்க கடைக்கு அடையாளம் சொல்லி அனுப்புச்சு.

இந்தா... இந்தா பாய், இதுதான். ஓரம் மடங்கியிருக்கு பாருங்க. கறுப்பு கொஞ்சம் தேஞ்சிருக்கு, இந்த நடுவுல, பாத்தீங்களா? மத்த எந்தப் போர்டுலயும் இப்படித் தேயல. அவரு கை பட்ட எடம்.

எடை எல்லாம் போட வேணாமா? சரி, நீங்க சொன்னாச் சரி. நல்லா இருங்க.

வேணாம் பாய், தொழுகை முடிச்சு ஆட்டோவுல அனுப்புறேங்குறீங்க, நல்ல மனசுதான், ஆனா அம்புட்டு நேரம் தாங்காது. பந்தல்காரன் வந்து கம்பு ஊண்டிக்கிட்டு இருக்கான், தெரு மொனைய அவன் மறைக்கிறதுக்கு முன்னாடி நான் இத வச்சாகணும். ஆஸ்பத்திரியில எல்லாரும் மரத்தடியில ஒக்காந்திருக்காங்க, டீ குடிச்சிட்டு வாரேன்னு சொல்லிட்டு வந்தேன், தேடுவாங்க. அறுத்து முடிச்சு மூணு மணிக்குத் தர்றோம்னு சொல்லியிருக்காங்க. வேன் சொல்லியாச்சு.

தெரியும் பாய். பாக்க மாட்டாரு, எனக்கும் தெரியும். கண்ண நேத்து ராத்திரியே மூடி விட்டாச்சு. ஆனா வேன் எங்க தெரு மொனையில திரும்பும்ல. அப்ப செத்த நிறுத்தச் சொல்லி, கதவத் தொறந்து, நானே அவரு கையப் புடிச்சு இது மேல வச்சு விட்டுருவேன். வழி மாறி வேற யாரு வீட்டுக்கோ கொண்டாந்துட்டாங்கன்னு அவரு நெனக்கக் கூடாதுல்ல.

பாங்கு சொல்லிருவாங்க பாய். அந்தப் பக்கம் ஒரு கை புடிங்க, எனக்குத் தனியாத் தூக்க ஏலல.